இன்னும் கொஞ்சம் பெலக்கட்டும்

அந்த நாட்களில் அரசாங்க உத்தியோகத்தனைக் கட்டிய யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பான், புருஷன் கிடைக்கமாட்டான். மாப்பிள்ளை கொழும்பிலோ காலியிலோ பதுளையிலோ இருப்பான். பெண் சீதன வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, தைப்பொங்கலுக்கும் சித்திரை வருஷப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் இதை ஒரு குறையாக எடுத்ததே இல்லை. கவுண்மேந்து மாப்பிள்ளை என்று வாய் நிறையச் சொல்லித் திரிந்தது. பெருமை ஊருக்கு, தனிமை பெண்ணுக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள்போலும்.

அச்சுவேலிக் கனகாம்பிகைக்கும் அந்தப் பங்குதான் வந்தது. அவளுடைய புருஷன் தியாகலிங்கம் நுவரெலியாக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். கலியாணம் முடிந்து அவரோடு போவதற்குப் பெட்டி கட்டிய கிழமையில், அவளுடைய தகப்பன் ஏரம்பு புகையிலைத் தோட்டத்தில் விழுந்தார். பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துவிட்டது. தாய் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டுக் கனகம் வீட்டோடு நின்றாள். தியாகலிங்கம் அதன் பிறகும் இரண்டு முறை, "நீரும் வாருமன்" என்று கேட்டுப் பார்த்தார். "அப்புவை ஆர் பாக்கிறது?" என்றாள். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. அவர் கேட்கமாட்டாரா என்று அவள் ஏங்கியதும், கேட்டால் என்ன சொல்வது என்று பயந்ததும் அவளுக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளை குட்டி இல்லாததற்கும் ஊர் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. ரெயில் வந்து போகிற நேரசூசியைப் பார்த்திருந்தால் காரணம் விளங்கியிருக்கும்.

தியாகலிங்கத்துக்கு ரோசா என்றால் உயிர். நுவரெலியாவில் அது வேலியோரமெல்லாம் தன்பாட்டில் பூத்துக்கிடக்கும். ஊருக்கு வரும்போது ஒரு கன்றைப் பாசியில் சுற்றி, பிஸ்கற் ரின்னுக்குள் நிறுத்தி, நானுஓயாவில் ரெயில் ஏறி, பொல்காவலையில் மாறி, மடியில் வைத்தபடி கொண்டுவந்து சேர்ப்பார். வந்து இறங்கும்போதே அது பாதி உயிராக இருக்கும். மிச்சப் பாதியை அச்சுவேலி வெயில் பார்த்துக்கொள்ளும். முதல் கன்றைக் கனகம் கிணற்றடியில் வைத்தாள். கால் கழுவுகிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் குடித்து வேர் அழுகிச் செத்தது. இரண்டாவதற்கு நல்ல மனத்தோடு பச்சை ஆட்டெருவை அள்ளிக் கொட்டினாள். அது அந்தச் சூட்டிலேயே கருகிப்போயிற்று.

மூன்றாவது கன்று வந்தது, தெற்கில் தமிழரை அடித்து விரட்டிய ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு. அந்த வைகாசியில் தெற்கிலிருந்து ஒரு செய்தியும் வராமல், அகதியாகக் கப்பலில் வந்து இறங்கியவர்களை ஆள் ஆளாக விசாரித்து, கனகம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். பிறகு ஒருநாள் தியாகலிங்கம் முழுதாக வந்து படலையைத் திறந்தார். கையில் பிஸ்கற் ரின். அதைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊர் உலகம் பற்றி எரியும்போதும் இந்த மனிசனுக்கு ரோசா.

அந்த முறை திரும்பிப் போகும்போது அவர் படலையடியில் நின்று, கன்றைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"இது நல்லாப் பூக்கட்டும், கனகம். அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதுறன்."

சும்மா சொன்ன பகிடி. சொன்னவர் பஸ் ஏறுவதற்குள் மறந்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கனகத்துக்கு அது பகிடியாகப் படவில்லை. அவள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான். பூவைச் சாட்டிச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே.

இனி இந்தக் கன்றைச் சாக விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். கிணற்றடிக்கும் வேலிக்கும் விலக்கி, காலை வெயில் படுகிற செம்பாட்டு மூலையில் முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினாள். அடியில் பூவரசங்குழையைத் தாழ்த்தி, அதன்மேல் ஆறிப்போன பழைய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, நன்றாகப் படிய விட்டுக் கன்றை நட்டாள். மத்தியான வெயிலுக்கு நாலு தடி நட்டுத் தென்னோலைக் கிடுகு கட்டினாள். காய்ந்த கொப்பைச் சவர அலகினால் சரித்து வெட்டினாள். மஞ்சள் விழுந்த இலையைக் கண்ட இடத்தில் ஆய்ந்து எரித்தாள். இலைக்கு அடியில் பேன் பிடித்தபோது புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தாள். தண்ணீரைக் காலையில் வேரடிக்கு மட்டும் விட்டாள். படுக்கையில் கிடந்த தகப்பனுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம், அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அந்த மூலைதான். பக்கத்து வளவுப் பராசக்தி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உன்ரை மனிசனுக்கு இவ்வளவு பணிவிடை நடந்தால் அந்தாள் ஏன் மலையிலை போய்க் கிடக்குது" என்று நக்கலடிப்பாள். கனகம் சிரித்துவிட்டுத் தன்பாட்டில் இலை ஆய்வாள்.

கன்று பிழைத்தது. பிழைத்ததே தவிர எழும்பவில்லை. குச்சிபோல நின்று, வெளிறிய இலையாக நாலு இலை விட்டது. பிறகு, தன் நிலைமை தெரியாமல், நுனியில் ஒரு மொட்டு வைத்தது.

கனகம் புகையிலைக்காரன் வீட்டுப் பெண். சட்டை போடுகிற வயதிலேயே தகப்பனோடு தோட்டத்தில் நின்று, புகையிலைக்குத் தலை முறித்தவள். பூ வரும் தலையை முறித்தால்தான் இலை தடிக்கும், செடியின் சத்து பூவுக்கு ஓடாமல் உடம்பில் நிற்கும். அது அவளுக்குக் கைப்பழக்கம். நோஞ்சான் கன்று ஒன்று பூக்க வெளிக்கிட்டால் அந்தப் பூவோடு அதன் கதை முடிந்துவிடும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இது பெலத்துக் கொப்பு விட்டு, அவர் வருகிற நேரத்தில் செடி நிறையப் பூக்க வேண்டும். ஒரு பூவைக் காட்டி ஏமாற்றக்கூடாது. காம்பில் நகத்தை வைத்துக் கிள்ளிவிட்டாள்.

கிள்ளியதை எறிய மனம் வரவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பச்சைத் தோலை உரித்து, உள்ளே ஒட்டிக்கிடந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். என்ன நிறம் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் கண்டதில்லை. உள்ளே வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று, இன்னும் நிறம் பிடிக்காமல் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு செடியடியிலேயே சின்னக் குழி கிண்டிப் புதைத்தாள்.

அதன் பிறகு வந்த மொட்டெல்லாம் அதே குழியடிக்குத்தான் போயின. ஒன்றைக் கிள்ளினால் கீழே இரண்டு கொழுந்து வெடித்தது. கொழுந்து தடித்துக் கொப்பானது. அடுத்த வருஷம் தண்டு விரல் மொத்தத்துக்கு வந்துவிட்டது. தியாகலிங்கம் ஊருக்கு வரும்போதெல்லாம் பயணப் பையை இறக்கியதும் அந்த மூலைக்குத்தான் போவார்.

"இன்னும் பூக்கேல்லையோ?"

"இன்னும் கொஞ்சம் பெலக்கட்டும்" என்பாள் கனகம்.

மொட்டுக் கிள்ளுகிற கதையை அவள் சொல்லவில்லை. சொன்னால், "ஏன் இவ்வளவு பாடு படுறீர்?" என்று கேட்பார். நீங்கள் வந்து என்னோடு இருக்க வேண்டும் என்பதற்காக என்று பிறகு சொல்ல வேண்டி வரும். ஆசையை வாயால் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. புருஷனுக்குப் பிட்டு அவித்துக் கொடுக்கலாம், வேட்டி தோய்த்துக் கொடுக்கலாம், காய்ச்சல் வந்தால் கண் விழிக்கலாம். நீங்கள் இல்லாமல் எனக்குப் பொழுது போகுதில்லை என்று சொல்வதற்கு மட்டும் பெண்ணுக்கு நாக்கு எழும்பாது. ஆணுக்கும் அப்படித்தான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அதற்கடுத்த வருஷம் பங்குனியில் வெயில் கொடுமையாக எறித்தது. செடி ஒரு நோயில் விழுந்து, இலையெல்லாம் கரும்புள்ளி குத்தி உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. கனகம் துடித்துப்போய்விட்டாள். கிடுகை இரட்டையாகக் கட்டி, விழுந்த இலையைக் கூட்டி எரித்து, வேரடிக்கு வைக்கோல் பரப்பி, ஒருமாதிரிப் புதுக் கொழுந்து வரப் பண்ணினாள். அந்தக் கொழுந்தில் ஒரு மொட்டு வந்திருந்தது. கிடுகு மறைப்பில் அவள் கண்ணுக்குத் தப்பி வளர்ந்து, பச்சைத் தோல் வெடித்து, ஓரத்தில் நிறம் எட்டிப் பார்த்தது.

சித்திரை வருஷத்துக்கு அவர் வருகிற கிழமை அது. விட்டால் அவர் வரும் நாளில் கட்டாயம் விரியும். கனகம் காலையில் வந்து பார்ப்பாள், மாலையில் வந்து பார்ப்பாள். கை காம்புக்குப் போகும், திரும்பும். ஒரே ஒரு பூவை அவர் பார்த்தால் என்ன என்று ஒரு மனம். நோயில் கிடந்து எழும்பிய செடியை ஒரு பூவுக்காகக் கொல்லப் போகிறாயா, இவ்வளவு காலம் பொறுத்தவள் இன்னும் ஒரு மழைக்குப் பொறுக்கமாட்டாயா என்று இன்னொரு மனம். அவர் வருகிறதற்கு முதல்நாள் விடியக் காலையில் கிள்ளிவிட்டாள். கிள்ளிவிட்டு அன்று முழுவதும் ஒருவரோடும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த முறை தியாகலிங்கம் வந்து செடியடியில் அதிக நேரம் நின்றார். கிடுகை விலக்கி, இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு வந்து, "இந்த முறையும் இல்லையோ?" என்று கேட்டார். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். அவர் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். ஏதோ சொல்லப் போகிறவர்போல அவளை ஒருமுறை பார்த்தார். சொல்லவில்லை. லீவு முடிய ஒருநாள் இருக்கும்போதே, கந்தோரில் அலுவல் என்று புறப்பட்டுவிட்டார். ஆவணித் திருவிழாவுக்கும் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் திருவிழாவுக்கு வராமல் விட்டது அதுதான் முதல் தடவை. தேர் வடத்தைப் பிடித்த ஆண்களுக்குள் அவரைத் தேடித் தேடிக் கனகத்தின் கண் பூத்துப்போனது.

ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது. செடி தளதளவென்று எழும்பி, அவளுடைய நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. கார்த்திகையில் மழை விட்டுக் குளிர்காற்று தொடங்கியதும் கனகம் கிள்ளுவதை நிறுத்தினாள். மார்கழி முழுவதும் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் செடியடிக்குப் போனாள். பழகிய நகம் எங்கே தன்பாட்டில் கிள்ளிவிடுமோ என்று அவ்வளவு பயம். பொங்கலுக்கு முதல்நாள் செடி கொப்புக்குக் கொப்பு பூத்து நின்றது. இளஞ்சிவப்புப் பூ. நடுவில் கொஞ்சம் மஞ்சள் கலந்திருந்தது. வாசம் குசினி வரைக்கும் வந்தது. பராசக்தி அக்காவே வேலியால் எட்டிப் பார்த்து, நக்கலை மறந்து பூக்களை எண்ணத் தொடங்கினாள்.

தியாகலிங்கம் அன்று பின்னேரம் வந்தார். பையை இறக்காமலே அந்த மூலையில் போய் நின்றார். கனகம் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் திரும்பி வந்து என்ன சொல்வார், அதற்குத் தான் எப்படி ஒன்றும் தெரியாதவள்போல நிற்பது என்றெல்லாம் அவள் மார்கழி மாதம் முழுவதும் நினைத்து வைத்திருந்தாள். அவர் திரும்பவே இல்லை. கடைசியில் அவளே போனாள்.

"எப்பவிருந்து பூக்குது?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"இப்பத்தான். இவ்வளவு நாளும் நான் விடேல்லை. வந்த மொட்டெல்லாம் கிள்ளிப்போட்டன். மெலிஞ்ச கண்டு பூத்தால் பிறகு எழும்பாது. போயிலைக்குத் தலை முறிக்கிறம்தானே, அதுமாதிரித்தான்." சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

"சித்திரைக்கு நான் வரேக்கையும் மொட்டு வந்ததோ?"

"ஒண்டு வந்தது. நீங்கள் வாறதுக்கு முதல்நாள் கிள்ளினன்."

தியாகலிங்கம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டின்மேல் போய் இருந்தார். அந்தச் சித்திரைக்கு அவர் வரும்போது யாழ்ப்பாணக் கச்சேரிக்கு மாற்றம் கிடைக்கிற மாதிரி இருந்ததாம். வடபகுதியில் இடம் விழுவதே அரிது, அதிலும் அரசாங்கம் கட்டாயமாக்கிய சிங்களப் பரீட்சையை எடுக்காத ஒரு கிளாக்கருக்கு. ஓம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஊரில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று வந்தவர், கேட்காமலே திரும்பிப் போனார். அதே இடத்துக்கு, பெண்சாதி நோயில் கிடக்கிற வருத்தக்காரி என்று கூட வேலை செய்த மரியரட்ணம் கண்ணீர் வடித்துக்கொண்டு நின்றார். தியாகலிங்கம் அதை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது தைமாதக் கடைசியிலிருந்து தன்னை அம்பாந்தோட்டைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றும், இலங்கையின் அந்தத் தெற்கு முனையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவதே பெரிய காரியம் என்றும், குறைந்தது மூன்று வருஷத்துக்கு அசைய முடியாது என்றும் மெல்ல மெல்லச் சொல்லி முடித்தார்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"பூவுக்காக இல்லை, கனகம். நான் இஞ்சை வந்து இருக்கிறது உமக்கு விருப்பமோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. ஒரு பூ நிண்டிருந்தால் அதைச் சாட்டிக் கேட்டிருப்பன். நீர் இன்னும் கொஞ்சம் பெலக்கட்டும் எண்டீர். இப்ப அவசரமில்லை எண்டு சொல்லுறீராக்கும் எண்டு எடுத்திட்டன்."

கனகத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு செடியைப் பார்த்தா பெண்சாதியின் மனதை அளப்பது என்று அவர்மேல் கோபம். அதே செடியைத்தானே நானும் தூது விட்டேன் என்று நினைத்ததும் அது தன்மேல் திரும்பியது. இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. பேசுகிற பொறுப்பை ஒரு ரோசாக்கன்றின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள். அவள் செய்த வைத்தியம் செடிக்குச் சரி. செடி அந்த மூலையில் ராசாத்திமாதிரி நிற்கிறதே. புருஷனைத்தான் பறிகொடுத்துவிட்டாள்.

பொங்கல் வந்து போயிற்று. தகப்பனுக்கு வாயில் பொங்கல் ஊட்டினாள், வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்தாள், பூவைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்களுக்குத் தலையை ஆட்டினாள். தியாகலிங்கம் ரெயிலுக்குப் புறப்படுகிற நாள் மத்தியானம், சவர அலகை எடுத்துக்கொண்டு செடியடிக்குப் போய், ஒரு பூ வெட்டிக்கொண்டு போகட்டோ என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் கனகம். "பாக்கவேணுமெண்டால் இஞ்சை வந்து பாருங்கோ."

அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. அலகைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவளோடு றோட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. பஸ் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இனி ஒரு பஸ்தான் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் மெயில் ரெயிலைப் பிடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இரண்டு பேரும் பூவரச மர நிழலில் நின்றார்கள். இந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கனகம் தவித்தாள். வாயைத் திறந்தால் பூச்சி மருந்தும் எருவுமாக வந்தது. பூத்து முடிந்ததும் கொப்புகளைப் பாதிக்கு வெட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். அம்பாந்தோட்டையில் உப்புக்காற்று என்று அவர் சொன்னார். உப்புக்காற்றுக்கு ரோசா சரிவராது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் தூரத்தில் பஸ் தெரிந்தது.

சனம் நிறைந்த பஸ். சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஆட்கள், தெரிந்த முகங்கள். தியாகலிங்கம், "போட்டு வாறன்" என்று மிதிபலகையில் கால் வைத்தார். கொண்டக்ரர் மணிக்கயிற்றில் கை வைத்தான். கனகம் ஓடிப்போய் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நில் தம்பி" என்று கொண்டக்ரருக்குச் சொன்னாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னாள்:

"எனக்கு நீங்கள் வேணும். உங்களைப் பாராமல் எனக்கு இருக்க ஏலாமல் இருக்கு. அங்கை போய் இறங்கின உடனை மாற்றம் கேட்டு எழுதுங்கோ. தரமாட்டம் எண்டால் திரும்பவும் எழுதுங்கோ."

முன்சீற்றில் இருந்த கிழவர் ஒருவர் மரியாதைக்காக வெளியே திரும்பிக்கொண்டார். தியாகலிங்கம் குனிந்து, கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கைமேல் தன் கையை வைத்தார். பகல் வெளிச்சத்தில், றோட்டில், ஊர் பார்க்க, அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

"எழுதுறன்" என்றார். "எழுதிக்கொண்டே இருப்பன்."

மணி அடித்தது. கம்பி அவளுடைய கையிலிருந்து நழுவியது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சந்தியால் திரும்பி மறைந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பராசக்தி அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் பகிடி சொல்லவில்லை. கனகம் கண்ணைத் துடைக்காமல், அழுகையை அடக்காமல், நடுறோட்டிலேயே நின்று அழுதாள். அம்பாந்தோட்டை எவ்வளவு தூரம் என்று கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து தகப்பன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வாறன் அப்பு என்று குரல் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.